பத்து நிமிடக் கழித்தல்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை எனக்கும் என் அக்காவுக்கும், தொலைபேசியில், செய்தியில் அடிபட்ட ஒரு வழக்கைப் பற்றி. அடுக்குமாடி வீட்டில் துப்பாக்கிச் சூடு. ஒருவர் இறந்துவிட்டார். இருந்தது ஒரே ஒரு சான்று. அதை நம்பலாமா கூடாதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"அவன்தான் பண்ணியிருக்கான். மூஞ்சியைப் பாத்தாலே தெரியல?" என்றாள் அக்கா.

"மூஞ்சி வந்து சாட்சி சொல்லுமா?" என்றேன்.

"உனக்கு எப்பவும் எல்லாரும் நல்லவங்கதான். அதான் நீ இப்படியே இருக்கே."

அதன்பிறகு வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களைப் பற்றிப் பேசினோம். மூன்று வாரம் உறவு நின்றது. அந்த வழக்கில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

அந்த வழக்கை இங்கே எழுதவில்லை. அதில் உண்மையாகவே ஒருவர் செத்திருக்கிறார். இது நான் கட்டியது. விரிசல்களும் என்னுடையவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

துப்பாக்கி வெடித்தபோது மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு புறா

(புறா எதற்கு? தவிர, துப்பாக்கி வெடித்து நான் கேட்டதில்லை.)

பிறகு:

அரசு வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு,

(கதைகளில் வழக்கறிஞர்கள் கண்ணாடியைத் துடைக்காமல் இருந்ததே இல்லை. விட்டுவிட்டேன்.)

மூன்றாவது, இறந்தவரின் மனைவி:

ஆறு மணிக்கு அவள் கதவைத் திறந்து

(திறந்ததும் எதைப் பார்த்தாள் என்று எழுதத் துணிச்சல் இல்லை. துணிச்சல் வந்தாலும் உரிமை உண்டா என்று தெரியவில்லை.)

நான்காவதாக வந்தவர் கேமராக்காரர். படம் எடுப்பவர் அல்ல. கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா மாட்டுபவர், பழுது பார்ப்பவர். ஐம்பத்திரண்டு வயது. ஒரு ஸ்கூட்டர், ஓர் ஏணி, ஒரு தோள்பை. துப்பாக்கியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. செத்தவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், மாடிப்படியில், ஏணியோடு வழிவிடச் சொல்லி. ஆனால் வழக்கு மொத்தமும் அவர் தலையில் வந்து உட்கார்ந்தது.

அவரோடு போவோம்.

3

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இறந்தவர் பல் மருத்துவர். மூன்றாம் மாடியில் வீடு. மதியம் வந்து சாப்பிட்டு, ஓய்வெடுத்து, ஐந்து மணிக்கு மறுபடி கிளினிக் போவார். உரிமம் வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. வீட்டுக்கு வந்திருந்தவன் அவளுடைய தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பத்திரிகைகள் அவனை 'மச்சினன்' என்றே எழுதின. ஊரும் அப்படியே கூப்பிட்டது. மாமனும் மச்சினனும் சத்தம் போட்டது இரண்டாம் மாடிவரை கேட்டிருக்கிறது.

(எதற்காகச் சத்தம் என்று ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். காரணம் தெரிந்தால் அதை வைத்தே நீங்கள் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நான் எழுதிவிட்டேன். அதனால்தான் எடுத்தேன்.)

வெடித்தது 4:05-க்கு. இதில் எவருக்கும் சந்தேகமில்லை. எதிர்வீட்டு ஆசிரியை அப்போது குளிர்பதனப் பெட்டிக் கம்பெனியின் புகார்ப் பிரிவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அங்கே எல்லாப் பேச்சும் பதிவாகும். "இருங்க, எங்கயோ குக்கர் வெடிச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொல்வது கேட்கிறது. பிறகு மறுபடி பெட்டியைப் பற்றித் திட்டுகிறார்.

மச்சினன் கட்டடத்தைவிட்டு வெளியேறுவது வாசல் கேமராவில் தெரிகிறது. படத்தின் மூலையில் நேரம்: 4:11.

கேமராவின் கடிகாரம் சரியென்றால், வெடித்து ஆறு நிமிடம் கழித்துத்தான் அவன் போயிருக்கிறான். கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடியிருந்தால், அவன் போனது 4:01. வெடித்தபோது அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். மருத்துவர் தானே சுட்டுக்கொண்டார், அல்லது துடைக்கும்போது வெடித்துவிட்டது.*

"நான் கிளம்பறப்ப மாமா சோபால உக்காந்து டிவி பாத்துட்டிருந்தார்." மச்சினன் கடைசிவரை இதிலிருந்து மாறவில்லை. உண்மை சொல்பவன் மாற மாட்டான். நன்றாகப் பாடம் செய்தவனும் மாற மாட்டான்.

* கைரேகை? துப்பாக்கியை அவரே ஒருமுறை மச்சினனிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார். இருவர் ரேகையும் உண்டு. கையில் வெடிமருந்துத் தடம்? சோதிக்க மூன்று நாள் தாமதமாகிவிட்டது. இவற்றையெல்லாம் நான்தான் அடைத்தேன். கடிகாரத்தைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது.

4

ஏன் சரியாகப் பத்து நிமிடம்?

கேமராக்காரரின் மனைவி காரணம். சொன்ன நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேராத மனிதர் அவர். கல்யாணமான இரண்டாம் வருடம் அவருடைய கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாள். அவரும் ஒப்புக்கொண்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், மனதுக்குள் பத்தைக் கழிப்பார். இருபத்தாறு வருடப் பழக்கம். சாப்பிடும்போது வாயைத் தேடுகிறோமா? அது மாதிரி.

கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டி பெரும்பாலும் பரணில்தான் இருக்கும். ஏணியில் நின்று, ஒரு கையால் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேலை பார்க்க வேண்டும். போன் கீழே பையில். அதனால் பெட்டிக்கு நேரம் வைக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கழிப்பார். வைப்பார்.

சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு மின்சாரம் போய் வந்ததில் அந்தக் கட்டடத்துப் பெட்டியின் நேரம் அழிந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டார்கள். காவலாளி அறைப் பரண். கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"என்னப்பா, பரண்லயே குடித்தனம் வெச்சுட்டியா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன தடவை அஞ்சு நிமிஷம்னே. மறுநாள் வந்தே."

"உள்ள சின்ன பேட்டரி செத்துப்போச்சு சார். அதான் கரெண்ட் போனா நேரம் நிக்க மாட்டேங்குது. மாத்தணும்."

"மாத்திட்டுப் போ."

"கையில இல்ல. அடுத்த தடவை வரப்ப..."

"எல்லாம் அடுத்த தடவைதான் உனக்கு. இந்தா, லிஃப்ட்காரனும் வந்துட்டான். ஏம்ப்பா, பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல வர்றீங்களா? சாவி எங்கிட்ட இல்ல, மேல இருக்கு..."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 1:22.

[இங்கே ஒரு வாக்கியம் இருக்க வேண்டும்.]

பொத்தான்களை அழுத்தினார். இறங்கினார்.

வழக்கு அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

போலீசார் தங்களுக்குத் தேவைப்பட்ட நாற்பது நிமிடப் படத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பெட்டியைப் பரணிலேயே விட்டுப் போனார்கள். பெட்டியின் நேரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு நாளானால் பழையதன்மேல் புதியதை எழுதிக்கொள்ளும் பெட்டி அது. கடிகாரத்தைப் பற்றி முதல் கேள்வி எழுந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் இன்னொரு முறை மின்சாரம் போய் வந்து நேரமும் அழிந்திருந்தது. மிஞ்சிய நாற்பது நிமிடத்தில் மச்சினனைத் தவிர ஒரு பூனை மட்டும் வாசலைக் கடக்கிறது. பூனையிடம் மணி கேட்க முடியாது.

அந்த முதல் கேள்வியை எழுப்பியவரும் அவரேதான். தொலைக்காட்சியில் அந்தப் படத்தை நூறாவது தடவை காட்டினார்கள். 4:11 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனைவியிடம் கேட்டார்:

"அன்னிக்கு நான் கழிச்சேனா?"

"எதை?"

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போய்த் தானாகச் சொன்னார். அங்கே இருந்தவர் எழுதிக்கொள்ளாமல் கேட்டுவிட்டு, "இதை ஏன்யா இப்ப வந்து சொல்ற?" என்றார்.

5

அவர் வேலை பார்த்த மற்ற இடங்களுக்கு நீதிமன்றம் ஆள் அனுப்பியது. பதினொரு பெட்டிகள். எட்டில் நேரம் சரி. மூன்று பத்து நிமிடம் முந்தி ஓடின: ஒரு பேக்கரி, ஒரு தையல் பயிற்சிக் கூடம், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. மூன்று இடத்திலும் யாரும் அதுவரை கவனித்ததில்லை.

இந்த எண்கள் வந்ததும் ஊர் சுறுசுறுப்பானது. எட்டு சரி, ஆகவே ஒன்பதாவதும் சரி என்றது ஒரு கட்சி. மூன்று தப்பு, ஆகவே எதையும் நம்ப முடியாது என்றது மற்றது. நிழலின் நீளத்தை வைத்து நேரம் சொல்ல ஒரு நிபுணர் வந்தார். அன்று மேகமூட்டம் என்று யாரோ நினைவூட்டினார்கள். நடையை வைத்துக் குற்ற மனத்தைச் சொல்ல இன்னொருவர் வந்தார். மச்சினன் வெளியேறும் பதினொரு விநாடி திரும்பத் திரும்ப ஓடியது. அவன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். பார்த்தவர்கள் அவரவர் நினைத்ததை அதில் கண்டார்கள்.

கேமராக்காரருக்கும் ஒரு பெயர் கிடைத்தது: பத்து நிமிஷம். முகம் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. அதனால் சவரம் செய்துகொள்ளப் போக முடிந்தது.

"எட்டுப் பெட்டி சரியா இருக்குன்னா ஒம்பதாவது மட்டும் எப்படி சார் தப்பாகும்?" என்றார் முடிதிருத்துபவர்.

பின்னால் பெஞ்சில் காத்திருந்த பஸ் டிரைவர் செய்தித்தாளை இறக்கினார். "மூணு தப்பா இருக்கே, அதைச் சொல்ல மாட்டியே. ஒருத்தனைக் காலம் பூரா உள்ள தள்ள அவ்வளவு சந்தேகம் பத்தாதா?"

"உங்களுக்கு மச்சினன்னா பாசம். எத்தனை பேர் உங்களுக்கு?"

"நாலு. எங்கிட்ட மட்டும் துப்பாக்கி இருந்தா நாலு பேரும் வரிசையில நிப்பானுங்க, யாரு முதல்லன்னு."

கடை சிரித்தது. நுரைக்கு அடியில் கேமராக்காரரும் சிரித்துவிட்டார்.

"எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லணும் சார். மணி பாக்கத் தெரியாதவனை எவன் ஏணில ஏத்தினான்?" கத்தி தொண்டைக்குழிக்கு வந்தது. "நீங்க சொல்லுங்க. அவன் கழிச்சிருப்பானா, மாட்டானா?"

கத்தி அங்கே இருக்கும்போது யாரும் வாதம் செய்வதில்லை. "இருக்கலாம்" என்றார்.

"எது இருக்கலாம்?"

"ரெண்டும்."

"இப்படி வழவழா கொழகொழா ஆளுங்களாலதான் சார் எதுவும் உருப்பட மாட்டேங்குது" என்று முடிதிருத்துபவர் மறு கன்னத்துக்குப் போனார்.

6

இரண்டு வழக்கறிஞர்களும் தனித்தனியாக அவரைப் பார்க்க வந்தார்கள். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நீங்க உண்மையை மட்டும் சொன்னாப் போதும்." இருவரும் சொல்லிவிட்டுப் புன்னகைத்தார்கள்.

வீட்டில் ஒரு சோதனை நடந்தது. மனைவியின் யோசனை. அவள் திடீர் திடீரென்று கேட்பாள், "மணி என்னங்க?" குளித்துவிட்டு வரும்போது, ஸ்கூட்டரைத் துடைக்கும்போது, வாய் நிறையச் சோறு இருக்கும்போது. அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். அவள் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு ஒரு தாளில் கோடு போடுவாள். நான்கு நாளில் நாற்பது கோடு. நாற்பதும் சரி.

"பாத்தீங்களா? நீங்க மறக்கறதே இல்ல."

"நீ கேக்கப்போறேன்னு தெரியுமில்ல. தெரிஞ்சுட்டே எப்படி மறக்கறது?"

"அப்ப மறந்த மாதிரி ஒரு தடவை இருங்க."

"அது எப்படிடீ?"

அவள் தாளை மடித்தாள். "நான் அதை முன்னாடி தள்ளி வெச்சிருக்கவே கூடாது" என்றாள்.

"வெச்சதாலதான் ஏதோ எட்டு இடத்துக்காவது நேரத்துக்குப் போனேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னார். சிரிக்கவில்லை.

படுத்தால் பரண் வந்தது. விளிம்பின் தூசி விரலில் பட்டது நினைவிருந்தது. செயலாளரின் குரல் நினைவிருந்தது. 1:22 நினைவிருந்தது. பிறகு நேராக ஏணியின் கடைசிப் படி. நடுவில் ஒன்றுமில்லை. ஒருநாள் அந்த இடத்தில் தன் விரல் 1, 1, 2 என்று அழுத்துவதைத் தெளிவாகப் பார்த்தார். நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் அதே விரல் 1, 2, 2 என்று அழுத்தியது. அதுவும் அதே அளவு தெளிவு.

7

இந்த இடத்தில் நான் ஒன்று செய்யலாம். அடைப்புக்குறிக்குத் திரும்பிப் போய், 'பத்தைக் கழித்தார்' என்று எழுதலாம். எழுதினால் அவர் கழித்தவர் ஆகிவிடுவார். மச்சினன் கொலைகாரன் ஆகிவிடுவான். இரண்டு சொல்லுக்கு அவ்வளவு பலம். 'கழிக்கவில்லை' என்றால் அவன் நிரபராதி.

எனக்குத் தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. நான் அந்தப் பரணை எழுதியபோது அந்த இடத்தில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் மனம் செயலாளரின் பேச்சில் இருந்தது. 'குடித்தனம்' என்ற சொல் நன்றாக விழுந்திருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். அவரும் அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

கேமராக்காரரையும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். ஊர் தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறதோ? பேட்டரியை மாற்றாததை மறைக்கத்தான் கடிகாரக் கதையைச் சொன்னாரோ? அப்படி ஒரு அத்தியாயம் எழுத ஆரம்பித்து

(இரண்டு பக்கத்தில் நின்றது. அவர் அவ்வளவு கெட்டிக்காரர் அல்ல.)

8

சாட்சி சொல்லும் நாள். காலை பதினோரு மணி. நீதிமன்றத் தாழ்வாரத்தில் சுவரோரம் நீளப் பெஞ்சு. கேமராக்காரர் உட்கார்ந்திருந்தார். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது: மருத்துவரின் மனைவி. மச்சினனின் அக்கா.

"நீங்கதானே கேமரா பாக்கறவர்?"

"ஆமாம்மா."

"பயப்படாதீங்க. சண்டை போட வரல."

அவர் எழுந்து நின்றார். அவள் உட்காரச் சொன்னாள்.

"எங்கிட்ட எல்லாரும் வந்து சொல்லிட்டாங்க" என்றாள். "என் மாமியார் வீட்டுல தம்பிதான்னு சொல்றாங்க. எங்க வீட்டுல இல்லவே இல்லன்னு சொல்றாங்க. லேப்ல கூட வேலை பாக்கறவங்க ஓட்டுப் போடாத குறை. எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தோணல."

"எனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லம்மா. சத்தியமா."

"தெரியும். நீங்க பொய் சொல்ற ஆள் இல்லன்னு தெரியுது. அதான் வந்தேன்."

ஊழியர் ஒருவர் ஏதோ ஒரு வழக்கின் எண்ணைக் கூவினார். அவர்களுடையது அல்ல.

"அவன் பண்ணியிருந்தா எனக்கு ரெண்டு பேரும் செத்துட்டாங்க. அழுது முடிச்சிடுவேன். பண்ணலன்னா கூட்டிட்டுப் போய் வெச்சுக்குவேன், ஊரு என்ன பேசினாலும். ரெண்டுல எதுன்னாலும் என்னால முடியும். ஆனா நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னா சந்தேகத்தோட விட்ருவாங்கன்னு வக்கீல் சொல்றார். விட்டா எங்க வருவான்? எங்கிட்டதான் வருவான். அக்கான்னு கூப்பிடுவான். சோறு போடுவேன். போடறப்ப எல்லாம் அவன் கையைப் பாப்பேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "அவனும் நான் பாக்கறதைப் பாப்பான்."

"நான் என்ன சொல்லணும்னு சொல்றீங்க?"

"எதையாவது ஒண்ணு சொல்லுங்க. எதுன்னு நான் கேக்கல. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

மனைவி தண்ணீரோடு வந்தபோது அவள் எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

"யாருங்க அது?"

அவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

(இந்தக் காட்சி என் திட்டத்தில் இல்லை. அவள் வந்து அழுவாள், தம்பியைக் காப்பாற்றச் சொல்வாள், அவர் நெகிழ்வார் என்று வைத்திருந்தேன். அவள் அழ மறுத்துவிட்டாள்.)

9

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவர் "கழிச்சேன்" என்கிறார். ஆயுள் தண்டனை. பாதி ஊர் 'அப்பவே சொன்னேனே' என்கிறது. மச்சினனின் அக்கா துக்கத்தை முடித்துக்கொள்கிறாள். ஒருவேளை ஒன்றும் செய்யாத ஒருவன் சிறையில் கிழவனாகிறான்.

இரண்டாவதில் "கழிக்கல" என்கிறார். விடுதலை. மறு பாதி 'அப்பவே சொன்னேனே' என்கிறது. அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறாள். ஒருவேளை கணவனைக் கொன்றவனுக்குக் காலம் முழுக்கச் சமைத்துப் போடுகிறாள், நிம்மதியாக.

மூன்றாவதில் "ஞாபகம் இல்லைங்க" என்கிறார். அதுதான் உண்மை. கதைக்கும் அதுதான் அழகு. அதை ஒரே மூச்சில் எழுதினேன், திருப்தியாக இருந்தது. சத்தியம் செய்துவிட்டு நிற்கும் ஒரு சாதாரண மனிதர், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறார். ஊரில் அதைச் சொன்ன ஒரே ஆள். கடைசி வரியும் நன்றாக வந்திருந்தது.

நன்றாக வந்திருந்ததுதான் உறுத்தியது. அந்த வரி நன்றாக இருப்பதற்கு யாரோ ஒருத்தி தினம் தட்டில் சோறு போட்டபடி ஒரு கையைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன்.

ஆகவே இப்போது இருப்பது இவ்வளவுதான்:

கேமராக்காரர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். மின்விசிறி ஓடுகிறது. கூடம் நிரம்பியிருக்கிறது. அவருடைய மனைவி வாசலுக்குப் பக்கத்தில். மச்சினன் எதிர்ப்பக்கம், தரையைப் பார்த்துக்கொண்டு. வழக்கறிஞர் கேள்வியைக் கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. நீதிபதி தலை நிமிர்ந்து, கோபமில்லாமல், "கேள்வி புரிஞ்சுதா உங்களுக்கு?" என்கிறார்.

"புரிஞ்சுதுங்க."

"அப்ப சொல்லுங்க. கழிச்சீங்களா, இல்லையா?"

தட்டச்சு செய்பவரின் விரல்கள் விசைகளின்மேல் நிற்கின்றன. மூன்றாம் வரிசை ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்து இடம் காலி. யாருக்கும் அங்கே உட்காரத் தோன்றவில்லை.

நீங்கள் உட்காருங்கள். இதுவரை படித்துவந்ததில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பீர்கள். எந்தப் பக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை. அவருடைய பதிலை நீங்கள் எழுதுங்கள். ஒரு சொல் போதும். எழுதி முடித்ததும் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு தடவை வாசியுங்கள்.

நான் மூன்றையும் வாசித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன்.